ஷஃபிள்பாட்டம்: ஒரு அபூர்வ ஆங்கிலக் குடும்பப் பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான்செஸ்டருக்கு வடக்கே பெரி என்ற ஊர்ப் பக்கம் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், இங்கே ஏதாவது பெயர்ப் பலகையிலோ கல்லறைக் கல்லிலோ ஷஃபிள்பாட்டம் என்ற இந்தப் பெயரைப் பார்த்துவிட்டால் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் கேள்விகள். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. எனக்குப் பழைய பெயர்களைத் தோண்டும் கிறுக்கு உண்டு என்பதால் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு எழுதி வைக்கிறேன்.

"நிஜமாவே இப்படி ஒரு பேர் இருக்கா, இல்ல யாராவது காமெடிக்கு வச்சதா?"

நிஜமான பெயர்தான். வட மேற்கு இங்கிலாந்தில், குறிப்பாக லங்காஷயரில், பல நூறு வருடங்களாக இருந்து வருகிறது. நாடு முழுக்கப் பார்த்தால் அபூர்வம். ஸ்மித் என்ற பெயரில் 1881 கணக்கெடுப்பிலேயே 4 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தக் கடலுக்குப் பக்கத்தில் இது ஒரு கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காமெடிக்கு வைத்தது என்ற சந்தேகம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு வடக்கத்தி ஆள் ஒருவன் வேண்டுமென்றால் 'பாட்டம்' என்று முடியும் பெயரைச் சூட்டுவது பழைய பழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து, பெயரே கற்பனை என்று ஆங்கிலேயர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள்.

"சரி, அர்த்தம் என்ன? நாங்க நினைக்கிறதுதானே?"

இல்லை. இந்தப் பெயரில் வரும் பாட்டம் என்றால் பள்ளம், பள்ளத்தாக்கின் அடித்தரை. பழைய ஆங்கிலத்தில் 'போட்ம்' என்ற சொல். இரண்டு மேட்டுக்கு நடுவே தண்ணீர் ஓடும் தாழ்ந்த நிலம், அவ்வளவுதான். முழுப் பெயரின் பழைய வடிவம் ஏறக்குறைய 'ஷிப்பேவல்லபோதம்' என்று நடுக்கால ஆவணங்களில் வருகிறது. பிரித்துப் படித்தால் ஆடு, ஊற்று, பள்ளம். அதாவது செம்மறியாடுகள் தண்ணீர் குடிக்கிற ஊற்று இருந்த பள்ளம். தமிழில் யாராவது ஊர்ப் பெயராக வைத்திருந்தால் ஆட்டூற்றுப்பள்ளம் என்று வைத்திருப்பார்கள், ஒருவரும் சிரித்திருக்க மாட்டோம்.

நீங்கள் நினைக்கிற அர்த்தம், அதாவது உடம்பின் பின்புறம், பாட்டம் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்ததே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1794-ஐ ஒட்டித்தான் எழுத்தில் முதல் முதலாகக் கிடைக்கிறது. பெயரோ அதற்கு 500 வருடம் மூத்தது. பெயர் வைத்தவர்கள் மேல் தப்பே இல்லை, சொல்தான் பின்னால் கெட்டுப்போனது.

"ஷஃபிள்னா சீட்டு கலைக்கிறதுதானே? ஆடு எங்கேருந்து வந்துச்சு?"

ஆடுதான் முதலில் இருந்தது, சீட்டு பின்னால் வந்தது. 'ஷிப்பேவல்ல' என்ற முதல் பாதிக்கு இரண்டு மூன்று தலைமுறை போனதும் யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. அர்த்தம் தெரியாத ஒலியை வாய் சும்மா விடாது, தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக்கிவிடும். ஷிப்பே ஷிப்பர் ஆகி, ஷுப்பிள் மாதிரி ஏதோ ஆகி, 16-ஆம் நூற்றாண்டில் ஷஃபிள் என்ற சொல் புழக்கத்துக்கு வந்த பிறகு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வழியில் ஷவல்பாட்டம் என்றும் ஒரு பிரிவு போனது. ஷவல் என்றால் மண்வெட்டி. ஊற்றுக்கும் ஆட்டுக்கும் மண்வெட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

இதே பகுதியில் ஹிக்கின்பாட்டம் என்ற இன்னொரு பெயர் இதைவிட அழகான உதாரணம். போல்ட்டன் பக்கம் ஓக்கன்பாட்டம் என்று ஓர் இடம், ஓக் மரங்கள் நிற்கும் பள்ளம். வாய் மாறி மாறி, முதல் பாதி ஹிக்கின் என்று ஆகிவிட்டது. ஹிக் என்பது ரிச்சர்டுக்குச் செல்லப் பெயர், அதனால் எல்லாருக்கும் பழக்கமான ஒலி. ஓக் மரம் காணாமல் போய், ரிச்சர்டு வந்து நின்றுவிட்டான்.

"அந்தப் பள்ளம் இப்பவும் இருக்கா? போய்ப் பார்க்கலாமா?"

பெரிக்கு வடக்கே இர்வெல் ஆற்றங்கரையில் ராம்ஸ்பாட்டம் என்று ஒரு சிறு நகரம். அதன் ஓரத்தில் ஷிப்பர்பாட்டம் லேன் என்று ஒரு சாலை இருக்கிறது. பழைய பெயரின் ஒரு வடிவம் அப்படியே பலகையில் நிற்கிறது. பெரிய காட்சி எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீடுகள், கல்சுவர், சரிவு, சற்றுத் தள்ளி விரைவுச்சாலையின் இரைச்சல். நான் முதல் தடவை போனபோது மழை, பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆனால் கீழே இறங்கி ஆற்றைப் பார்த்து, பிறகு திரும்பி மேட்டைப் பார்த்தால், 'போட்ம்' என்ற சொல்லுக்கு அகராதியே தேவையில்லை என்று புரிந்துவிடும். நாலா பக்கமும் மேடு, நீங்கள் குழியில் நிற்கிறீர்கள்.

போவதென்றால் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். பெரியிலிருந்து ராம்ஸ்பாட்டத்துக்குப் பழைய நீராவி ரயிலை இன்றும் ஓட்டுகிறார்கள். ஆற்றங்கரை மர நிழலில் அகலமான பச்சை இலையும் நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூவுமாக ஒரு செடி படர்ந்திருக்கும், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் அப்படியே பூண்டு வாசனை. காட்டுப்பூண்டு. ராம்ஸ்பாட்டம் என்ற பெயரின் முதல் பாதி ஆட்டுக்கிடாவா இந்தக் காட்டுப்பூண்டா என்று அறிஞர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள், ஏனென்றால் பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல் கிட்டத்தட்ட ஒரே ஒலி. என் ஓட்டு பூண்டுக்கு, முகர்ந்து பார்த்துவிட்டுப் போடுகிற ஓட்டு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அந்தப் பள்ளத்துல இருந்த எல்லாருக்குமே அந்தப் பேர் வந்துடுச்சா?"

வரவில்லை, சொல்லப்போனால் அங்கேயே இருந்தவர்களுக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு. யோசித்துப் பாருங்கள், ஒரு பள்ளத்தில் நாலு வீடு, நாலு வீட்டுக்காரர்களும் அதே பள்ளம். ஒருவரை ஒருவர் 'பள்ளத்து ஆடம்' என்று கூப்பிட்டு என்ன பயன்? ஆடம் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிறான், அங்கே ஏற்கெனவே மூன்று ஆடம்கள் இருக்கிறார்கள், அப்போதுதான் 'ஷிப்பேவல்லபோதத்திலிருந்து வந்த ஆடம்' என்று அடையாளம் தேவைப்படுகிறது. ஊர்ப் பெயரால் வந்த குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் இப்படி ஊரை விட்டுக் கிளம்பியவன் மேல்தான் ஒட்டின.

அதனால்தான் பழைய ஏடுகளில் பெயருக்கு நடுவே 'டி' என்று ஒரு சொட்டு இருக்கும். எழுத்தர்கள் லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதியதால் 'இன்ன இடத்திலிருந்து' என்பதற்கு அந்த ஒட்டு. அது உதிர்ந்து, மகனுக்கும் பேரனுக்கும் அதே பெயர் போனபோது முகவரி பெயராகிவிட்டது. பேரன் அந்தப் பள்ளத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

"குடும்பப் பேர் கட்டாயம்னு ராஜா சட்டம் போட்டாரா?"

யாரும் போடவில்லை. 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு முதலில் நிலப்பிரபுக்கள்தான் தங்கள் கோட்டை, ஊர்ப் பெயரைப் பரம்பரையாக வைத்துக்கொண்டார்கள். சொத்து மகனுக்குப் போகும்போது பெயரும் கூடவே போனால் வழக்கில் வசதி. சாதாரண ஜனங்களுக்கு அது கீழே இறங்க இருநூறு, முந்நூறு வருடம் ஆனது. 1377, 1379, 1381 என்று மூன்று தடவை தலைவரி போட்டார்கள், ஆளாளுக்குப் பெயர் எழுதியாக வேண்டிய நிலை. 1538-இல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். இப்படி எழுத எழுதத்தான் பெயர் கெட்டிப்பட்டது.

தெற்கே இது சீக்கிரம் முடிந்துவிட்டது, வடக்கே மலைப் பகுதிகளில் மெதுவாக நடந்தது. அப்படியும் லங்காஷயரில் ஒரே பெயர் ஒரே பள்ளத்தாக்கில் பெருகிப்போனதால், பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பப் பெயரைச் சொல்லாமல் 'டிக்கோட டாம்' என்ற தினுசில் அப்பன் பெயர், தாத்தா பெயரை அடுக்கிக் கூப்பிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. நம் இனிஷியலை வாயால் சொன்ன மாதிரி.

"இது நம்ம ஊர் ஜாதிப் பேர் மாதிரியா? பேரைக் கேட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடுமா?"

தெரியாது. ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நாலு வழியில் வந்தவை: இடம், தொழில், அப்பன் பெயர், பட்டப் பெயர். ஸ்மித் என்றால் முன்னோர் ஒருவர் கொல்லர், அதற்காக இன்றைய ஸ்மித்தை யாரும் கொல்லராகப் பார்ப்பதில்லை, திருமணம் பேசும்போதும் அது கணக்கில் வராது. ஷஃபிள்பாட்டம் இட வகை, ஆகவே தொழில்கூடத் தெரியாது.

இங்கே பெயர் காட்டிக்கொடுப்பது வேறொன்றை, எந்தப் பக்கத்து ஆள் என்பதை. ஷஃபிள்பாட்டம், என்ட்விசில், கெர்ஷா, கிரீன்ஹால்ஜ் என்று யாராவது சொன்னால், கேட்கிற ஆங்கிலேயர் மனதுக்குள் மழை, மேடு, பஞ்சாலைப் புகைபோக்கி என்று ஒரு வடக்கத்திப் படம் ஓடும். லண்டனில் சிலர் அதை வைத்துக் கொஞ்சம் கேலியும் பண்ணுவார்கள், அது வர்க்கமும் பேச்சு வழக்கும் கலந்த கேலி.

"ஏன் இந்த 'பாட்டம்' பேரெல்லாம் அந்தப் பக்கமே குவிஞ்சு கிடக்கு? தெற்குல பள்ளமே இல்லையா?"

தெற்கிலும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ்ஷயரில் சிக்ஸ் மைல் பாட்டம் என்றே ஒரு கிராமம் உண்டு. வித்தியாசம் நிலத்தில் இல்லை, குடியிருந்த முறையில்தான். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் பெரும்பாலும் ஜனங்கள் ஒரே கிராமத்தில் கூடிக் குடியிருந்து சுற்றி வயல் வைத்திருந்தார்கள். வடக்கே பென்னைன் மலையடிவாரத்தில் ஆடு மாடுதான் பிழைப்பு. ஒவ்வொரு பள்ளத்திலும் தனித்தனிப் பண்ணை வீடு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அரை மைல், ஒரு மைல். நாலு வீடு உள்ள இடத்துக்கும் சொந்தப் பெயர் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு குடும்பப் பெயர். இத்தனை பெயர்கள் இத்தனை அபூர்வமாக இருப்பதன் ரகசியம் இதுதான் என்பது என் எண்ணம்: விதை ஒன்று, நிலம் சிறிது.

"சைட்பாட்டம், விண்டர்பாட்டம், போத்தம் எல்லாம் ஒரே குடும்பமா?"

சொல் ஒன்று, பள்ளம் வேறு வேறு. சைட்பாட்டம் என்றால் அகன்ற பள்ளம், செஷயர் பக்கத்துப் பெயர். விண்டர்பாட்டம் என்றால் குளிர்காலத்தில் மந்தையை இறக்கி மேய்க்கிற பள்ளம். ரோபாட்டம் என்றால் கரடுமுரடான பள்ளம், லாங்பாட்டம் என்றால் நீளமான பள்ளம். இயான் போத்தம் என்று நாம் தலைமுறையாகச் சொல்லிவரும் கிரிக்கெட் பெயரும் முன்னொட்டு எதுவுமில்லாத வெறும் பள்ளம்தான். அவர் பிறந்ததும் செஷயரில், ஹெஸ்வால் என்ற ஊரில்.

ரயன் சைட்பாட்டத்தைப் பலருக்கு நினைவிருக்கும், சுருட்டை முடியோடு இடது கையால் வேகப்பந்து வீசுவாரே, 2007-இல் இந்தியா இங்கிலாந்துக்குப் போனபோது ஆடியவர், 2008-இல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தவர். அவர் அப்பா ஆர்னால்டு 1985-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், அதற்கு முன் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காகக் கால்பந்தும் ஆடியிருக்கிறார். இங்கிலாந்துக் கால்பந்து அணியின் முதல் மேலாளர் வால்டர் விண்டர்பாட்டம், ஓல்டாமில் பிறந்தவர். நீராவி எஞ்சினின் பாதுகாப்பு வால்வுக்குப் பெயர் தந்த ஜான் ராம்ஸ்பாட்டம் 1814-இல் டாட்மார்டனில் பிறந்தார். வரைபடத்தில் இந்த ஊர்களைக் குறித்துப் பாருங்கள், எல்லாம் மான்செஸ்டரைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில்தான் விழும். சொந்தபந்தம் இல்லை, மண் ஒன்று.

"சில பேர் 'பாட்டம்'னு எழுதறாங்க, சில பேர் 'போத்தம்'னு. எது சரி?"

இரண்டும் சரி. வடக்கத்திப் பேச்சில் அந்தச் சொல்லின் நடுவே 'த' ஒலி இருந்தது, அதை எழுதினால் போத்தம். பொது ஆங்கில எழுத்துக்கு மாற்றினால் பாட்டம். 1800 வரை சாதாரணக் குடும்பங்களில் பெயரை எழுதியது குடும்பத்தார் இல்லை, பாதிரியாரும் எழுத்தரும்தான். அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர் கீழே பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்திருப்பார். பள்ளிப் படிப்பு பரவிய பிறகுதான் 'எங்கள் வீட்டில் இப்படித்தான்' என்ற பிடிவாதம் வந்தது.

இதில் இன்னொரு கூத்து, உச்சரிப்பு. பாட்டம் என்று எழுதிவிட்டு 'பொடோம்' என்று கடைசி அசையை அழுத்திச் சொல்லச் சொல்கிறவர்களும் உண்டு, கேலியைத் தவிர்க்கத்தான். யாராவது அப்படித் திருத்தினால் சிரிக்காமல் அப்படியே சொல்லிவிடுங்கள், அதுதான் மரியாதை.

"இப்ப எங்கெங்க இருக்காங்க?"

இந்த மாதிரிக் கேள்விக்கு எல்லாரும் முதலில் திறப்பது 1881 கணக்கெடுப்பை. அந்த வருடம் பிரிட்டனில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் தன்னார்வலர்கள் முழுக்கப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள், அதை வைத்துப் பெயர் வாரியாக வரைபடம் போட முடியும். ஷஃபிள்பாட்டத்துக்குப் போட்டால் லங்காஷயரில் அடர்த்தியாக மை கொட்டிய மாதிரி இருக்கும். போத்தம் என்று முடியும் எழுத்து தெற்கே செஷயர், வட ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் நகரும், அது மண்பாண்டத் தொழில் நடந்த பகுதி. தென் இங்கிலாந்து கிட்டத்தட்ட வெள்ளை.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய நூறு வருடத்தில் நாடே இடம் மாறியிருந்தது. பஞ்சாலைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் போனார்கள். ஆனால் இந்தப் பெயர்க்காரர்களுக்கு ஆலை வாசலுக்கே வந்துவிட்டது. பெரி, போல்ட்டன், ஓல்டாம் எல்லாம் பஞ்சாலை ஊர்களாகிவிட, அயர்லாந்திலிருந்து ஆட்கள் அங்கே வந்து குவிந்த காலத்தில் இவர்கள் பள்ளத்திலிருந்து ஐந்து மைல் இறங்கினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். பெயர் பரவாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பரவிய கிளைகளும் உண்டு. கனடாவில் ஷூபாட்டம் என்ற வடிவம் இருக்கிறது, செருப்பு வரை வந்துவிட்டது பாருங்கள். புரூஸ் ஷூபாட்டம் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் ஒன்டாரியோவில் பிறந்து பாஸ்டன் அணிக்கு ஆடியவர். இங்கிலாந்துக்குள்ளேயே எனக்குப் பிடித்த கிளை வேறு: 'டெக்சாஸ் பில்' என்று தன்னை அழைத்துக்கொண்ட வில்லியம் ஷஃபிள்பாட்டம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌபாய்த் தொப்பியும் கயிறும் துப்பாக்கியுமாகத் திருவிழாத் திடல்களில் குடும்பத்தோடு வித்தை காட்டியவர். பிள்ளைகளும் கத்தி வீச்சு, குறி பார்த்துச் சுடுதல், பாம்பாட்டம் என்று தொடர்ந்தார்கள். அந்தக் குடும்பத்தின் படங்களும் பொருள்களும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் திருவிழா, சர்க்கஸ் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. டெக்சாஸ் என்று மேடைப் பெயர் போட்டவர் பின்பாதியை மாற்றாமல் விட்டாரே, அங்கேதான் நான் தொப்பியைக் கழற்றுகிறேன்.

"அப்ப இந்தப் பேர் உள்ளவங்க எல்லாரும் ஒரே தாத்தா வழியா?"

அபூர்வப் பெயர் என்றால் வாய்ப்பு அதிகம், உறுதி கிடையாது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, குடும்பப் பெயரும் அப்படியே, ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு பிரையன் சைக்ஸ் என்ற மரபியலாளர் தன் பெயரையே எடுத்துச் சோதித்தார். சைக்ஸ் என்பதும் யார்க்‌ஷயர் நீரோடைப் பெயர்தான். சோதித்த 48 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரே வகைக் குரோமோசோம். ஒரே மூதாதையர் என்று சொல்லத் தக்க அளவு அது. மற்றவர்களுக்கு ஏன் இல்லை? வழியில் தத்து எடுத்திருக்கலாம், விதவை மறுமணம் செய்து பிள்ளைக்குப் புது அப்பாவின் பெயர் வந்திருக்கலாம், அம்மா பெயரையே பிள்ளை சுமந்திருக்கலாம், ஊர் வாயில் வராத வேறு காரணமும் இருக்கலாம். எழுநூறு வருடத்தில் இப்படி விலகியது தலைமுறைக்குச் சராசரியாக 1.3 சதவீதம் என்பது அவர் போட்ட கணக்கு.

அப்புறம் 2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 பெயர்களை எடுத்து, 1,678 ஆண்களைச் சோதித்தார்கள். ஸ்மித் மாதிரிப் பெயர்களில் இரண்டு பேரைப் பிடித்தால் தெருவில் போகிற யாரோ இரண்டு பேரைப் பிடித்த மாதிரிதான். பெயர் அபூர்வமாக ஆக ஆக, ஒரே குரோமோசோம் உள்ளவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒரு பண்ணையிலிருந்து ஒரே ஆள் கிளம்பினான் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

"பேர் சுத்த ஆங்கிலப் பேர்னா ரத்தமும் சுத்த ஆங்கில ரத்தமா?"

இந்தக் கேள்விக்கு அதே லெஸ்டர் குழு 2007-இல் எதிர்பாராமல் ஒரு பதில் கண்டுபிடித்தது. கிழக்கு யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஓர் அபூர்வக் குடும்பப் பெயர், அதே பெயர் உள்ள 18 ஆண்களைச் சோதித்தால் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் மிகப் பழைய ஒய் குரோமோசோம் வகை. பார்வைக்கு எல்லாரும் வெள்ளைக்கார யார்க்‌ஷயர்க்காரர்கள், குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒரு கதையே தெரியாது. எப்போதோ ஒரு ஆப்பிரிக்க ஆண் அந்த வம்சத்தில் வந்து சேர்ந்திருக்கிறார், பிள்ளைகள் பெயரைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஹிக்கின்பாட்டத்தின் உறவான ஹிக்கின்போத்தம் அமெரிக்காவில் பல கறுப்பினக் குடும்பங்களின் பெயர், நீதிபதி லியோன் ஹிக்கின்போத்தம் போல. போல்ட்டன் பள்ளத்தில் ஓக் மரம் இருந்தது என்பதைத் தவிர வேறெந்த ரத்தச் செய்தியையும் அந்தப் பெயரிலிருந்து எடுக்க முடியாது.

"கிண்டல் பண்றாங்கன்னா பேரை மாத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

மாற்றுவது சுலபம், இங்கிலாந்தில் 'டீட் போல்' என்று ஒரு பத்திரத்தில் சாட்சியோடு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பலர் மாற்றியும் இருக்கிறார்கள். பாட்டத்தைப் போத்தமாக்குவதுதான் அதிகம், அது மாற்றமாகவே தெரியாது.

ஆனால் அளவு மீறினால் வேறு மாதிரி முடியும். 1862-இல் ஜோஷுவா பக் என்பவர், பக் என்றால் மூட்டைப்பூச்சி என்று எல்லாரும் சிரிக்கிறார்களே என்று, லண்டன் டைம்ஸ் நாளிதழில் விளம்பரம் கொடுத்துத் தன் பெயரை நார்ஃபோக் ஹோவர்டு என்று மாற்றிக்கொண்டார். ஹோவர்டு என்பது நார்ஃபோக் பிரபுக்களின் குடும்பப் பெயர். நாடே சிரித்தது. அன்றிலிருந்து கொஞ்ச காலத்துக்கு ஆங்கிலக் கொச்சையில் மூட்டைப்பூச்சிக்கே நார்ஃபோக் ஹோவர்டு என்று பெயர் வந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம்.

"இப்படியே போனா பேர் அழிஞ்சிடாதா?"

அழியலாம். பெண் பிள்ளைகள் மட்டுமே பிறந்தால் அந்தக் கிளை அதோடு நின்றுவிடும், அபூர்வப் பெயருக்குக் கிளைகளே சில. பிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியாரும் 1870-களில் இதையே கணக்காகப் போட்டார்கள். பரம்பரைப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்பதில் தொடங்கியது, பின்னாளில் அணுக்கரு தொடர்வினை வரை அந்தக் கணக்கு பயன்பட்டது. இப்போது அம்மா பெயரையும் பிள்ளைக்கு வைக்கிறார்கள், இரண்டையும் கோடு போட்டு இணைக்கிறார்கள், ஆகவே கணக்கு கொஞ்சம் மாறும்.

"ஒரு கடையில இந்தப் பேருக்குக் குடும்பச் சின்னம் போட்ட கோப்பை வித்தாங்க. வாங்கலாமா?"

காபி குடிக்க வாங்கலாம். இங்கிலாந்தில் சின்னம் என்பது குடும்பப் பெயருக்குக் கிடையாது, தனி ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் மட்டும் வழங்கப்படுவது. அதைக் கவனிக்கவே 1484-இல் ஏற்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பு இன்றும் லண்டனில் இருக்கிறது. ஒரே பெயர் உள்ள எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னம் விற்கிறார்கள் என்றால் அது வியாபாரம்.

"என் மருமகன் வீட்டுப் பேரு இந்த மாதிரிதான். நானே தேடிப் பார்க்கணும்னா எங்கேருந்து தொடங்கணும்?"

இன்றிலிருந்து பின்னோக்கி. உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், காகிதம் அப்புறம். 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவில் இருக்கின்றன. 1841 முதல் 1921 வரை பத்து வருடத்துக்கு ஒரு தடவை எடுத்த கணக்கெடுப்புகளில் வீட்டோடு பெயர்கள் கிடைக்கும். 1931-இல் எடுத்தது 1942-இல் தீயில் போய்விட்டது, 1941-இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை, அந்த ஓட்டையை 1939-இல் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடுதான் அடைக்கிறது. 1837-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் தேவாலயப் பதிவேடுகள். லங்காஷயருக்குத் தன்னார்வலர்கள் அவற்றைப் படியெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள், நல்ல மனசுக்காரர்கள்.

இந்தப் பெயருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. முழுப் பெயரைத் தட்டித் தேடினால் பாதிதான் கிடைக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், நூறு வருடம் கழித்து அவர் கையெழுத்தைப் படியெடுத்தவர் கண்ணில் பட்டபடி தட்டினார், இரட்டை எஃப் சில பக்கங்களில் இரட்டை டி மாதிரி நிற்கும், ஷட்டில் என்று படித்துவிடுவார்கள். நான் ஒரு குடும்பத்தைத் தேடி இரண்டு வாரம் காணாமல் திணறி, கடைசியில் தெருப் பெயரை வைத்து வீடு வீடாகப் பக்கத்தைப் புரட்டினால், ஷஃபிள் ஒரு வரியிலும் பாட்டம் அடுத்த வரியிலுமாக உடைத்து எழுதியிருந்தார் கணக்கெடுப்பாளர், படியெடுத்தவர் பாட்டத்தைத் தனி ஆள் என்று நினைத்து அவருக்கு ஒரு வயதும் போட்டுவிட்டிருந்தார். அதனால் முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் கொடுத்து நடுவில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். அதிலும் சிக்கவில்லையென்றால் பெயரை விட்டுவிட்டு, முதல் பெயர், பிறந்த ஊர், வயது மூன்றையும் கொடுத்துப் பாருங்கள், பிறந்த ஊர் என்ற கட்டத்தில் பெரி என்று போட்டு.